பூருலின் திரையில் ஐம்பத்தெட்டு கூடாரங்கள்

திருடன் வந்து போன வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். பாத்திரம் இருக்காது, விரிப்பு இருக்காது, கூட்டிப் பெருக்கக்கூட ஒன்றும் மிச்சம் இருக்காது. அதைப் பார்த்து “அடடா, என்ன ஒழுங்கு!” என்று யாராவது கை தட்டுவார்களா? எங்கள் ஊர்த்தலைவன் திலேபால்தி தட்டினான். பூருலின் கம்ப்யூட்டர் திரையை வழித்துத் துடைத்து வெறும் நீலமாக்க ஆள் வைத்துவிட்டு, இதுதான் ஒழுங்கு என்றான். அந்த அநியாயத்துக்கு வருவதற்கு முன்னால் பூருல் யார் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால், யாரோ ஒரு குமாஸ்தா பெண் ஏதோ ஒரு பொத்தானுக்காகக் குதித்தாள் என்றுதான் தோன்றும்.

பூருல் பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். நாரின் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். வந்த மறு வாரமே கூட்டுப்பண்ணையில் பால் அளந்து எழுதும் வேலையில் உட்கார்ந்தாள். பண்ணை கலைந்தது; மாடுகளை ஆளாளுக்குப் பிரித்துக் கொண்டார்கள்; அளக்கப் பால் இல்லை. எழுதத் தெரிந்த கை சும்மா இருக்க வேண்டாம் என்று ஊராட்சி அலுவலகத்தில் மேய்ச்சல் குழுவுக்கு எழுத்தராக வைத்தார்கள். எந்தக் குடும்பம் கோடையில் மலையில் எந்த இடத்தில் கூடாரம் அடிக்கும், எத்தனை ஆடு, எத்தனை குதிரை, எந்த ஊற்றில் தண்ணீர் காட்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இளையவர்களுக்கெல்லாம் அவள் பூருல் எஜே, அதாவது பூருல் அக்கா. மூத்தவர்களுக்கு வெறும் பூருல், இல்லாவிட்டால் மருமகளே.

கம்ப்யூட்டர் வந்தபோது நகரத்திலிருந்து ஒரு பயிற்சிக்காரியும் கூடவே வந்தாள். மற்ற ஊர்க்காரர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. எங்கள் ஊருக்கு அரை நாள், அதிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை.

“ஒரு ஃபோல்டர் போடுங்க எஜே. அதுக்குள்ள வருஷம். அதுக்குள்ள தெரு. அதுக்குள்ள எழுத்து வரிசையில ஆளுங்க,” என்றாள் அவள்.

“ஏம்மா, பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள பெட்டின்னு மனுஷங்களத் தள்ளிப் பூட்டினா அவங்க மூச்சு விட வேண்டாமா?”

“அது மனுஷங்க இல்ல எஜே, ஃபைல்.”

“உனக்கு ஃபைல். எனக்கு அதுல ஒருத்தர் பெரிய மாமனாரு.”

பயிற்சிக்காரி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பூருல் தன் வழியில் வேலையை ஆரம்பித்தாள். கொழுந்தன் குதிரைமேல் முகட்டுக்கு ஏறிப்போய் எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. தெரெங்-சாய் மேய்ச்சல் நிலம் முழுக்க அதில் விழுந்திருந்தது: நடுவில் ஆறு, இடது பக்கம் ஊற்று, மேலே பனி, அடியில் எங்கள் ஊர்ப் பாப்ளார் மரங்கள். அந்தப் படத்தைத் திரைக்குப் பின்னணியாகப் போட்டாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபைல் திறந்து, அதன் ஐகானை அந்தக் குடும்பம் கூடாரம் அடிக்கும் இடத்திலேயே இழுத்து வைத்தாள். ஆற்றுத்துறைக்காரர்கள் ஆற்றுத்துறையில். பாறைக்குக் கீழே இருப்பவர்கள் பாறைக்குக் கீழே. ஐம்பத்தெட்டு குடும்பம், ஐம்பத்தெட்டு ஐகான். தூரத்திலிருந்து பார்த்தால் திரையில் கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாக நிற்பது போலவே இருக்கும்.

யாராவது வந்து கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கையை வைப்பாள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்தால் ஐகானையும் பிரித்து அரை விரல் தள்ளி வைப்பாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்றால் அதை ஒரு விரல் ஆக்குவாள். இலையுதிர் காலத்தில் எல்லோரும் மலையிலிருந்து இறங்கினால் இவளும் ஐகான்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே பாப்ளார் மரங்களுக்கு இடையில் கொண்டு வந்து விடுவாள். மே மாதம் முதல் குடும்பம் மூட்டை கட்டும் நாளில் மறுபடி மேலே ஏற்றுவாள்.

அந்த நாளில் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. தங்கள் வீடு மலை ஏறுவதைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். “மெதுவா இழு எஜே, எங்க கிழவிக்குத் தலை சுத்தும்,” என்பான் ஒருவன். “ஆத்துல இறக்காத, நனைஞ்சிடுவோம்,” என்பாள் இன்னொருத்தி. மலையில் புதிதாகக் கூடாரம் அடிப்பவர்கள் அடுப்பு மூட்டுவதற்குள் முன்பே வந்துவிட்ட அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். அதே போல, திரையில் குடியேறினாலும் குடியேற்றம் குடியேற்றம்தான் என்று பெண்கள் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரித்து, மேலே வெண்ணெய் வைத்து, பூருலின் மேசைக்குக் கொண்டு வருவார்கள். கீபோர்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் என்ன? ஒரு வருஷம்கூட ஒரு குடும்பம் தன் இடத்துக்காக இன்னொரு குடும்பத்தோடு அடித்துக்கொண்டதில்லை. எல்லோரும் தங்கள் இடத்தைத் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்களே!

ஒரே ஒரு விஷயம் உண்டு. அதை மறைத்துப் பயன் இல்லை. கணவன் வழியில் மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வாயால் சொல்லாததைக் கையால் எழுதலாமா? அதுவும் கூடாது. குடும்பப் பெயரை எழுதலாம் என்றால் குடும்பப் பெயரே மாமனாருக்கு அப்பன் பெயர். பூருல் வாழ்க்கைப்பட்டதோ ஊரில் பாதிப் பேர் சொந்தமாக இருக்கும் வீட்டில். ஐம்பத்தெட்டில் இருபத்தாறு பேர் அவள் வீட்டுக்காரருக்கு மூத்தவர்கள். மருமகள்கள் தங்களுக்குள் அவர்களுக்கு வைத்த பெயர்கள் உண்டு. ஒருவர் ‘நெட்டையர்’, ஒருவர் ‘சூப்பு உறிஞ்சுகிறவர்’. அதை அரசாங்கத் திரையில் எழுத முடியுமா? ஆகவே அந்த இருபத்தாறுக்கும் கம்ப்யூட்டர் தானாக வைத்த பெயரையே விட்டுவிட்டாள்: புதிய ஆவணம், புதிய ஆவணம் இரண்டு, புதிய ஆவணம் மூன்று என்று. கூடாரத்துக்கு யாராவது பெயர்ப்பலகை மாட்டுகிறார்களா? நிற்கிற இடம்தானே அடையாளம்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. போன இலையுதிர் காலத்தில் திலேபால்தி தலைவனானான்.

முப்பத்தெட்டு வயது. நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன்; மலை மேய்ச்சலுக்கு ஏறியே பத்து வருஷம் இருக்கும். இந்த மே மாதம், ஊர் மலை ஏற ஒரு வாரமே இருக்கும்போது, மாகாணத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று அவனுக்குத் தகவல் வந்தது. உடனே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். அடுப்புக் கரியை அள்ளிக் கொட்டினான். பிறகு பூருலின் மேசைக்கு வந்து நின்றான்.

“பூருல் எஜே, இது என்ன இது? ஆட்டுப் புழுக்கை சிதறின மாதிரி! குழு பாத்தா என்ன நினைப்பாங்க?”

“எந்த வீட்டையும் புழுக்கைன்னு சொல்லாத திலேபால்தி. கீழ மூணாவது மரத்துகிட்ட இருக்கு பாரு, அது உங்க வீடு.”

அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. புதன்கிழமை பூருலை மேலத்தெருவுக்கு ஆடுகளுக்கு ஊசி போட்ட பட்டியல் எழுத அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கூபாத்தை வரவழைத்தான். கூபாத் அரை மணி நேரம் உட்கார்ந்தான், தேநீர் குடித்தான், போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை பூருல் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். நீலம். மலை இல்லை, ஆறு இல்லை, மரம் இல்லை. ஐம்பத்தெட்டு வீடும் இல்லை. மவுஸை இங்கே அழுத்தினாள், அங்கே அழுத்தினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் நீலம்தான்.

ஆய்வுக் குழு வந்தது. ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்தது, மூன்று மணி நேரம் ஆட்டுக்கறி சாப்பிட்டது. “இந்த ஊர்லதான் ஒரு ஒழுங்கு இருக்கு,” என்று அவர்களில் ஒருவர் சொல்ல, திலேபால்தி கை தட்டினான். அவர்கள் வண்டி கிளம்பும் வரை பூருல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“என் வீடுகளெல்லாம் எங்க திலேபால்தி?”

“எங்கயும் போகல எஜே. கூபாத் ஒழுங்கு பண்ணிட்டான்.”

“ஒழுங்கு பண்ணி எங்க வெச்சான்?”

திலேபால்தி கூபாத்துக்குப் போன் போட்டான். கூபாத் மச்சினி கல்யாணத்துக்குக் கணவாய்க்கு அப்பால் போயிருந்தான். அங்கே எந்தப் போனும் எடுக்காது, கல்யாணமோ நான்கு நாள். திலேபால்தி உட்கார்ந்து அங்கே தட்டினான், இங்கே தட்டினான். நெற்றியில் வியர்வை. பயந்த மனிதனுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும்.

“நீங்கதான் எதையோ அழிச்சிருப்பீங்க எஜே. எல்லாத்தையும் வெளிய விரிச்சு வெச்சா இப்படித்தான் ஆகும். உள்ள வெச்சிருந்தா போயிருக்குமா?”

“நான் வெளிய வெச்சேன், பதினோரு வருஷம் ஒண்ணும் காணாமப் போகல. நீ அரை மணி நேரம் உள்ள விட்ட, ஊரே காணோம்!”

“எனக்கு விளக்கக் கடிதம் வேணும். கவனக்குறைவால இப்படி ஆச்சுன்னு எழுதிக் கொடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மேய்ச்சல் குழு கூடுது, அதுக்குள்ள வேணும்.” ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்தில்தா நின்றிருந்தான். அறுபது வயது, முந்நூறு ஆடு, எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பான். இளையவர்களுக்கு அவன் அப்தில்தா பைகே, அதாவது அண்ணன். ஒன்றும் கேட்காதவன் மாதிரி உள்ளே வந்தான்.

“ஊத்தடி இடம் யாருக்குன்னு நாளைக்குப் பேசணும் தலைவரே. பேப்பர் இருந்தா ஸூராவுக்கு. இல்லாட்டி அது பொது இடம். பொது இடம்னா எத்தனை ஆடு வெச்சிருக்கோமோ அதப் பாத்துக் கொடுக்கறதுதானே நியாயம்?”

இதுதான் விஷயம். இதற்காகத்தான் பூருல் கத்தினாள். தன் வேலைக்காக அல்ல.

ஸூரா விதவை. அவள் கணவர் பூருலின் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குழு கூடி, கையெழுத்துப் போட்டு, ஊற்றடி இடத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தது. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஸூராவுக்கு முழங்கால் வலி, ஆறு பசு, நாற்பது ஆடு. ஊற்று கூடாரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவளால் மலைக்குப் போக முடிகிறது. ஊற்றை எடுத்துவிட்டால் அரை மைல் கீழே ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் தூக்க வேண்டும். அவளால் முடியாது, பசுவை விற்றுவிட்டுக் கோடை முழுக்கக் கீழே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவளிடம் இருந்த அசல் பேப்பர் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. அலுவலகத்துப் பேப்பரை மேலிடத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை. மிச்சம் இருந்தது பூருல் ஸ்கேன் பண்ணி வைத்த ஒன்றுதான். அது ஊற்றுக்காரருடைய ஃபைலில் இருந்தது. ஊற்றுக்காரரின் பெயர் பூருல் சொல்லக் கூடாத பெயர்.

அன்று மத்தியானமே செய்தி கேட்டு ஸூரா நொண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏடி பூருல், எங்க வீடு காணாமப் போயிடுச்சாமே?”

“காணாமப் போகல எஜே. எங்கயோ ஒளிஞ்சிருக்கு.”

“நாப்பது ஆட்டுக்காரி வீடுதான் ஒளியுமா? முந்நூறு ஆட்டுக்காரன் வீடு ஒளியாதா?”

“எல்லாருதும் சேந்துதான் காணோம்.”

“அப்ப அப்தில்தா ஏன் சிரிச்சுக்கிட்டே போறான்?”

பூருல் வெள்ளைத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

பள்ளிக்கூட நூலகத்தில் குலாயிம் என்பவளிடம் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் திரையில் புத்தகப் பட்டியல், மாணவர் பட்டியல் என்று ஐகான்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பூருல் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன எஜே தேடறீங்க?” என்றாள் குலாயிம்.

“உன் மந்தை நிக்குது, என் மந்தை நிக்கல. அப்ப ரெண்டுக்கும் காது வெட்டுல எங்கயோ வித்தியாசம் இருக்கணும்.”

இரண்டு மந்தை கலந்துவிட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? கத்துவதில்லை, ஓடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டின் காதையும் பிடித்து, சொந்தக்காரர் அடையாளமாகப் போட்ட வெட்டு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கிறோம். பூருலும் அதையே செய்தாள். வெறும் இடத்தில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினாள். ஒரு பட்டியல் விழுந்தது. அதில் ஒவ்வொரு வரியாகத் திறந்து, எந்த வரிக்குப் பக்கத்தில் சின்ன டிக் இருக்கிறது, எதற்கு இல்லை என்று, திலேபால்தி கொடுத்த அந்த வெள்ளைத் தாளிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டாள். எல்லாம் ரஷ்ய மொழி. அர்த்தம் புரிந்ததை வார்த்தையாக எழுதினாள். புரியாததை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தாள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பெருக்குகிறவள் வருவதற்கு முன்பே பூருல் அலுவலகத்தில் இருந்தாள். தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வலது பக்கத்தை அழுத்தினாள். ஒவ்வொரு வரியாகக் காதைப் பிடித்துப் பார்த்தாள். இது அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. இது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ‘பார்வை’ என்ற வரியைத் திறந்தபோது கை நின்றது. பட்டியலின் கடைசியில் ‘திரையில் ஐகான்களைக் காட்டு’ என்று இருந்தது. குலாயிமிடம் டிக் இருந்தது. இங்கே இல்லை.

அழுத்தினாள்.

ஐம்பத்தெட்டும் ஒரே நேரத்தில் குதித்து வந்தன. பூருல் வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். ஆட்டுக்குட்டி பிறந்தால் போடுவோமே, அந்த மாதிரி. அடுத்த நொடி திரைக்கு நெருங்கிக் குனிந்தாள்.

வந்தன, ஆனால் எப்படி வந்தன? இடது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக, எழுத்து வரிசையில், சிறைக்குப் போகிறவர்கள் மாதிரி. ஆற்றுத்துறைக்காரன் பாறைக்காரன் தோளில் நின்றான். பத்து வருஷமாகப் பேசாத இரண்டு சகலைகள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு அந்த இருபத்தாறும்: புதிய ஆவணம், புதிய ஆவணம், புதிய ஆவணம். எது நெட்டையர், எது சூப்புக்காரர், எது ஊற்றுக்காரர்? இடம்தானே பெயர், இடத்தைக் கலைத்துவிட்டானே!

தாளை மறுபடி பார்த்தாள். ‘தானாக அடுக்கு’ என்ற வரியில் இங்கே ஒரு டிக் இருந்தது, குலாயிமிடம் இல்லை. அதை எடுத்தாள். இனிமேல் இழுத்த இடத்தில் நிற்கும். ஆனால் பழைய இடத்துக்குத் தானாகப் போகாது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பத்து மணி.

குழுவில் ஏழு பேர். திலேபால்தி நடுவில். அப்தில்தா எதிரில், மென்றுகொண்டு. பூருலின் வீட்டுக்காரருக்குப் பெரிய தகப்பனார் முறையான வெள்ளைக் குதிரைக்காரர் ஜன்னல் பக்கம். எண்பது வயது, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஸூரா கதவோரத்தில் மடியில் ஒரு மூட்டையோடு நின்றாள்.

“விளக்கக் கடிதம் எழுதிட்டீங்களா எஜே?” என்றான் திலேபால்தி.

“தர்றேன். முதல்ல இங்க வந்து பாரு.”

எழுந்து வந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. “அட, வந்துடுச்சே! நான்தான் சொன்னேனே, எங்கயும் போகலன்னு.” பிறகு குனிந்து படித்தான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. “புதிய ஆவணம். புதிய ஆவணம் ஏழு. புதிய ஆவணம் இருபது... எஜே, இது அலுவலகமா, பால்வாடியா? எழுதத் தெரியாதவன்கூட இப்படிப் பேர் வைக்க மாட்டான்!”

அப்தில்தாவும் சிரித்தான். “பேரு இல்லாத பேப்பர் செல்லாது தலைவரே. பேரே இல்லாத வீட்டுக்கு ஊத்து எதுக்கு?”

பூருல் எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஊரில் பெரியவர்கள் முன்னால் அவள் குரல் உயர்ந்ததில்லை.

“திலேபால்தி, உன் பேர நான் சொல்லலாம், நீ என் வீட்டுக்காரருக்கு இளையவன். அதான் உன் ஃபைலுக்கு முழுப் பேர் எழுதி வெச்சிருக்கேன், பாரு. அப்தில்தா பைகே, நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு, என் வீட்டுக்காரருக்குச் சொந்தம் இல்ல. உங்க பேரும் இருக்கு. ஆனா இந்த இருபத்தாறு பேரு? இந்த ஊருக்கு மருமகளா வந்த அன்னிக்கு வாய மூடச் சொன்னது யாரு? நீங்கதானே! உங்க பொண்டாட்டிங்க உங்க அண்ணன் பேர எழுதுவாங்களா? உங்க அம்மா எழுதினாங்களா? வாயையும் மூடச் சொல்வீங்க, கையையும் கட்டச் சொல்வீங்க, அப்புறம் பேரு எங்கன்னு சிரிப்பீங்களா? அந்த வீடுகளுக்குப் பேரு இல்லாம இல்ல. இடம் இருந்துச்சு. அந்த இடத்த ஒரு அரை மணி நேரத்துல வழிச்சுத் துடைச்சது யாரு?”

அப்தில்தா மென்றதை விழுங்கினான்.

“ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல...” என்று ஆரம்பித்தான்.

ஜன்னல் பக்கமிருந்து வெள்ளைக் குதிரைக்காரர் இருமினார். “அப்தில்தா, என் வீட்டுக்காரி அம்பத்தாறு வருஷமா என் பேரச் சொன்னதில்ல. அப்ப நான் செல்லாதவனா?”

குழுவில் நான்கு பேர் தாடிக்குள் சிரித்தார்கள்.

“திற மருமகளே,” என்றார் அவர். “ஒவ்வொண்ணா திற. எங்களுக்கு என்ன அவசரம்? ஆடு எப்படியும் அடுத்த வாரம்தானே கிளம்புது.”

பூருல் உட்கார்ந்தாள். “ஸூராவோடத மட்டும் தேடினா போதும்,” என்றான் திலேபால்தி.

“அந்த வேலையே வேண்டாம். எல்லாரும் சேந்து இறங்கினாங்க, எல்லாரும் சேந்துதான் ஏறுவாங்க. மே மாசத்துல ஒரு வீட்ட மட்டும் தனியா மலைக்கு ஏத்தினா அதுக்கு ஓநாய்தான் துணை.”

முதல் ஃபைலைத் திறந்தாள். அந்தப் பழைய இயந்திரம் பால் காய்கிற நேரம் எடுத்துக்கொண்டது. பேப்பர் தெரிந்ததும் வாயைத் திறக்காமல் மூடினாள், ஐகானைப் பிடித்து இழுத்தாள், நீலத்தில் ஓர் இடத்தில் வைத்தாள். மலை இல்லை, ஆறு இல்லை, வெறும் நீலம். இரண்டாவது, அதற்குச் சற்றுக் கீழே. மூன்றாவது, நான்காவது. பெயர் உள்ளவற்றையும் இடையிடையே எடுத்து வைத்தாள். பத்துப் பன்னிரண்டு வைத்ததும் ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“அது நம்ம வீடுல்ல? கொஞ்சம் இடது பக்கம் மருமகளே, அங்க பள்ளம்.”

“பள்ளம் போன வருஷமே தூந்துபோச்சு மாமா.”

“அப்ப சரி.”

இருபது ஆனபோது நான்கு நாற்காலிகள் நகர்ந்து வந்திருந்தன. நீலத்தில் ஆறு தெரிய ஆரம்பித்தது. யாரும் வரையவில்லை, இரண்டு பக்கமும் கூடாரங்கள் விலகி நின்ற இடைவெளிதான் ஆறு. “அங்க வைக்காத, அது எங்க குதிரை போற வழி.” “உன் குதிரைக்கு என்ன, பறக்கச் சொல்லு!” பேச்சு ஏறியது. பெயரில்லாதவற்றில் பதினேழாவது ஃபைல் திறந்ததும் பூருலின் கை நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மூடாமல் அப்படியே விட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“படி திலேபால்தி. உனக்குத் தடை இல்ல.”

திலேபால்தி குனிந்து சத்தமாகப் படித்தான். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. ஊற்றடி இடம், ஊற்றுக்கு மேலே முப்பது அடி, இன்னாருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்றது. கீழே ஐந்து கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்கு வந்ததும் அவன் குரல் தடுமாறியது.

“அப்தில்தா பைகே... இது உங்க கையெழுத்து.”

அப்தில்தா எழுந்து வந்து மூக்கைத் திரையில் முட்டும்படி குனிந்தான். “அப்ப நான் வேற ஊத்துன்னு நினைச்சேன்,” என்றான்.

“தெரெங்-சாய்ல எத்தனை ஊத்து இருக்கு?” என்று கதவோரத்திலிருந்து ஸூரா கேட்டாள். “எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். இன்னொண்ணு இருந்தா சொல்லு, நான் நொண்டி நொண்டியாவது போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

அறையே சிரித்தது. குழு கை தூக்கியது. ஊற்றடி ஸூராவுக்கே. பூருல் அந்த ஐகானைப் பிடித்து, நீலத்தின் இடது பக்கத்தில், ஊற்று இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் மேலே கொண்டுபோய் வைத்தாள். ஆறு பசு, நாற்பது ஆடு, ஒரு நொண்டிக் கால், எல்லாம் சேர்ந்து மலை ஏறிவிட்டன.

ஆனால் பூருலின் கோபம் அதோடு இறங்கவில்லை. இறங்க என்ன நியாயம் இருக்கிறது? திலேபால்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, “இனிமே எல்லாத்துக்கும் ஒழுங்காப் பேர் வெச்சிடுங்க எஜே,” என்றதும் மவுஸை அவன் பக்கம் தள்ளினாள்.

“நான் சொல்லவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். உனக்கு வாய் இருக்கு, விரல் இருக்கு. உக்காரு.”

“நானா?”

“பின்ன? கூபாத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

வெள்ளைக் குதிரைக்காரர் தடியால் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ஊர்த்தலைவன் உட்கார்ந்தான். ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தான்.

“பாறைக்குக் கீழ ரெண்டாவது,” என்றாள் பூருல்.

“அது யாரு?”

“அங்க யாரு கூடாரம் அடிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? தலைவன்தானே நீ?”

அவனுக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக மலை ஏறாதவனுக்கு எப்படித் தெரியும்? பின்னாலிருந்து பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், திட்டினார்கள், எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். “என் பேருல ரெண்டு ‘ல்’ டா!” “உங்க பேரு எனக்கு இவ்வளவு நீளம்னு தெரியாது மாமா.” இருபத்தாறும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் ஸூரா மூட்டையை அவிழ்த்திருந்தாள். போர்சோக், மேலே வெண்ணெய். மலையில் அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கொடுக்கிற பங்கு. தட்டைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

“எண்ணெய்க் கையோட தொடாத,” என்றாள் பூருல் திலேபால்தியிடம். “முதல்ல எழுதி முடி.”

அவன் முடித்தான். விரலை ஊதிக்கொண்டே கேட்டான்: “அந்த விளக்கக் கடிதம் எஜே? கோப்புல வைக்கணும்.”

பூருல் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பக்கமும் பென்சில் எழுத்து, டிக் மாறியிருந்த இரண்டே இடத்தில் அழுத்திப் போட்ட வட்டம்.

“என்ன நடந்துச்சு, யாரு பண்ணினது, எப்படிச் சரி பண்ணினேன், எல்லாம் அதுல இருக்கு. கையெழுத்து மட்டும் இல்ல,” என்றாள். “கூபாத் கல்யாணத்துலேருந்து வந்ததும் போடச் சொல்லு.”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்து ஒரு போர்சோக்கை எடுத்தாள்.